மரத்துக்கு முன் பாதை: வகுப்பறையில் குடும்ப வரலாற்றுக் கைப்பணிகள்

கொழும்பில் தமிழ்மொழிமூல வகுப்பொன்றை முதன்முறையாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு, தம் முன்னால் அமர்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளின் வீட்டுக் கதைகளும் ஒரே ஊரில் தொடங்கியவையல்ல என்பது முதல் வாரத்திலேயே விளங்கிவிடும். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தும் ஊர் எதுவென்று கேட்டால் சாவகச்சேரி என்று தயங்காமல் சொல்லும் பிள்ளை ஒரு வாங்கிலும், தாத்தா ஹட்டனிலிருந்து புறக்கோட்டைக் கடையொன்றுக்கு வேலைக்கு வந்த கதையோடு கொட்டாஞ்சேனையில் வாழும் பிள்ளை அடுத்த வாங்கிலும், மன்னாரை விட்டு வந்த வாப்பும்மாவின் பேத்தி அதற்கடுத்த வாங்கிலும் இருப்பார்கள். நான்கு தலைமுறையாகக் கொச்சிக்கடையை விட்டு நகராத குடும்பத்துப் பிள்ளையும் அங்கேயே இருக்கும். இந்தக் கதைகளைக் கைப்பணிகளாகச் செய்விக்க விரும்பும் புதிய ஆசிரியர்களுக்காக, தரம் 3 முதல் தரம் 7 வரையான வகுப்புகளை மனத்தில் கொண்டு, இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆசிரியர்கள் குடும்ப மரத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிரிஸ்டல் போட்டில் ஒரு மரம் வரைந்து, கிளைக்கொருவராகப் புகைப்படம் ஒட்டிக்கொண்டு வருமாறு சொன்னேன். ஒரு பிள்ளை பழைய கலண்டரிலிருந்து வெட்டிய யாரோ ஒரு முதியவரின் படத்தைத் தாத்தாவின் இடத்தில் ஒட்டி வந்தது. 1983க்கு முற்பட்ட புகைப்படம் ஒன்றுகூட அந்த வீட்டில் மிஞ்சவில்லை என்பதைத் தாயார் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். இன்னொரு பிள்ளை மரத்தின் இடது பாதியை மட்டும் வரைந்து, வலது பாதியைப் பச்சை நிறத்தால் நிரப்பியிருந்தது. பிழை அந்தப் பிள்ளைகளுடையதல்ல. நான் கொடுத்த வடிவத்தினுடையது. மரம் இரண்டு பக்கமும் கிளைகளையும் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முகத்தையும் எதிர்பார்க்கிறது; நிரப்ப முடியாத இடம் வகுப்பு முழுவதற்கும் வெற்றிடமாகத் தெரிகிறது. பயணப் பாதைக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. எங்கிருந்தோ எங்கேயோ ஒருவர் வந்தார் என்று தெரிந்தால், அது மட்டுமே ஒரு முழுமையான பாதையாகிவிடும். ஆகவே இங்கே விவரிக்கப்படும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படை விதி ஒன்றே: ஒரு பிள்ளை, ஓர் ஆள், ஒரு பயணம் அல்லது ஒரு பொருள். அந்த ஆள் அம்மம்மாவாக இருக்கலாம், வளர்த்த பெரியம்மாவாக இருக்கலாம், சிறுவர் இல்லத்தில் வாழும் பிள்ளைக்கு அங்கு சமைக்கும் அக்காவாகவும் இருக்கலாம். தெரிவு பிள்ளையினுடையது, ஏன் அவரைத் தெரிந்தாய் என்று கேட்க வேண்டியதில்லை.

காலத்தைத் தெரிவு செய்தல்

கேள்வித்தாளைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு மிகப் பொருத்தமான நாள், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய கடைசிப் பாடசாலை நாளாகும். கொழும்புப் பிள்ளைகளில் கணிசமானோர் அந்த விடுமுறையில்தான் ஊருக்குப் போகிறார்கள் அல்லது ஊரிலிருந்து பெரியவர்கள் இங்கு வருகிறார்கள். விடுமுறையின் பின் வாரத்துக்கு ஒரு இரட்டைப் பாடவேளை வீதம் ஐந்து வாரங்களை ஒதுக்கினால், கீழே கூறப்படும் வேலைகளில் இரண்டை நிதானமாக முடிக்கலாம். மூன்றையும் ஒரே தவணையில் செய்ய முயல வேண்டாம். தரம் 5 ஆயின் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் இதைத் தொடங்குவது பெற்றோரின் பொறுமையைச் சோதிப்பதாகவே முடியும். பரீட்சைக்குப் பின் தாராளமாகச் செய்யலாம். முஸ்லிம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பின் நோன்பு மாதம் எப்போது வருகிறதென்று பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னகர்ந்து வரும்.

ஆரம்பப் பிரிவில் இந்த வேலையைச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுடன் இணைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சித்திரம், வரலாறு, குடியியற் கல்வி ஆகிய பாடங்களின் ஆசிரியர்களோடு பேசிப் பாடவேளைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். அதிபரிடம் முன்கூட்டியே தெரிவித்து, பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தை அவருக்குக் காட்டிக் கையொப்பம் பெற்றுக்கொள்வது பின்னால் எழக்கூடிய பல கேள்விகளைத் தவிர்க்கும்.

பெற்றோருக்கு ஒரு கடிதம்

கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அதில் நான்கு விடயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: பிள்ளை தெரிவு செய்யும் ஒருவரைப் பற்றி மட்டுமே கேட்கப்படும், சொல்ல விரும்பாத எதையும் சொல்ல வேண்டியதில்லை, அசல் ஆவணங்களோ அசல் புகைப்படங்களோ பாடசாலைக்கு அனுப்பப்படக் கூடாது, இதற்குப் புள்ளியும் இல்லை, பரிசும் இல்லை. நான் பயன்படுத்தும் வாசகம் ஏறத்தாழ இவ்வாறிருக்கும்: “தங்கள் பிள்ளை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருடன் உரையாடி, அவர் செய்த ஒரு பயணத்தைப் பற்றியோ அவர் பாவித்த ஒரு பொருளைப் பற்றியோ அறிந்துவர இருக்கிறார். அடையாள அட்டை இலக்கம், முகவரி, காணி விபரம் போன்றவை தேவையில்லை. எந்தக் கேள்வியையும் தாங்கள் விட்டுவிடலாம்.” சில வீடுகளில் தமிழை விடச் சிங்களமோ ஆங்கிலமோ எளிதாக வாசிக்கப்படுகிறது, கலப்புத் திருமணக் குடும்பங்கள் இந்நகரில் அரிதல்ல. அப்படியான வீடுகளுக்கு மொழிபெயர்ப்பொன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

சாதி பற்றிய எந்தத் தகவலும் கேள்வித்தாளிலோ கைப்பணியிலோ இடம்பெறக் கூடாது. குடும்பத் தொழில் என்று ஒரு கட்டத்தைப் போட்டால் அது வேறு வழியாக உள்ளே வந்துவிடும். அதற்குப் பதிலாக, அந்தப் பெரியவர் கைகளால் செய்யத் தெரிந்த ஒரு வேலை எது என்று கேட்பதே நல்லது. பாய் இழைத்தல், கொழுந்து பறித்தல், வலை பொத்துதல், கணக்கு எழுதுதல், பீடி சுற்றுதல், தட்டச்சு செய்தல் என்று வரும் பதில்கள் கைப்பணிக்கும் உடனே பயன்படும்.

கேள்வித்தாள்

“உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது?” என்ற கேள்வி பெரியவர்களுக்கே கடினமானது, கொழும்பில் சோதனைச் சாவடிகளில் பல ஆண்டுகள் இதே கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவர்களுக்கு அது உவப்பானதும் அல்ல. எனவே சிறிய, கண்ணால் காணக்கூடிய விடயங்களையே கேட்க வேண்டும். நீங்கள் என்னுடைய வயதில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனீர்கள், காலில் என்ன போட்டிருந்தீர்கள்? வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இரவில் எந்த விளக்கு எரிந்தது? நீங்கள் செய்த மிக நீண்ட பயணம் எது, எதில் ஏறிப் போனீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள்? அந்தப் பொருட்களில் இன்றும் உங்களிடம் இருப்பது எது? கொழும்புக்கு வந்த முதல் நாளில் எதைக் கண்டு வியந்தீர்கள்? ஏழெட்டுக் கேள்விகள் போதும். ஒவ்வொன்றின் கீழும் மூன்று கோடுகளும், கடைசியில் ஒரு படம் வரைவதற்கான வெற்றுக் கட்டமும் விடுங்கள். எழுதத் தயங்கும் பிள்ளைகள் அந்தக் கட்டத்தில்தான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்கள்.

ஆண்டுகளைக் கேட்காதீர்கள். “அம்மாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது” என்பது ஒரு பிள்ளைக்கு எந்த ஆண்டை விடவும் அதிகம் விளங்கும். ஆண்டைச் சொல்வதா இல்லையா என்பதும் பெரியவரின் விருப்பத்தில் விடப்படுகிறது.

உறவுப்பெயர்களில் கவனம் தேவை. யாழ்ப்பாணத்து வீட்டில் அப்பாச்சியும் அம்மம்மாவும் இருப்பார்கள். மலையகத்து வீட்டில் அப்பாயியும் அம்மாயியும் இருக்கலாம். மட்டக்களப்புப் பக்கத்தில் பெத்தா என்பார்கள். சில முஸ்லிம் வீடுகளில் தந்தை வாப்பா, பாட்டனே அப்பா. நான் ஒருமுறை “அப்பா” என்று பிள்ளை எழுதியிருந்ததைத் தந்தை என்று எண்ணி, பயணத்தின் காலத்தை முப்பது ஆண்டுகள் தவறாக விளங்கிக்கொண்டேன். கைப்பணிகளோடு வைக்கும் பெயர்ச் சுட்டிகளில் பாடநூற் சொல்லைத் திணிக்காமல், பிள்ளை வீட்டில் எப்படி அழைக்கிறதோ அப்படியே எழுத விடுங்கள்.

பொருட்கள்

பிரிஸ்டல் போட், டெமி தாள், பைன்டர் கம், நூல் போன்றவற்றை வகுப்புக்கு மொத்தமாக வாங்குவதாயின் புறக்கோட்டை மலிபன் வீதியும் அதை அண்டிய குறுக்குத் தெருக்களும் அயற்கடைகளை விட மலிவு. துணித் துண்டுகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எந்தத் தையற்கடையிலும் மாலையில் ஒரு பையுடன் போய்க் கேட்டால் வெட்டுத்துணிகளை மகிழ்ச்சியோடு தருவார்கள். சப்பாத்துப் பெட்டிகளைப் பிள்ளைகளே கொண்டுவரலாம், ஆனால் எல்லா வீட்டிலும் அது இருக்கும் என்று கருதாமல் நான்கைந்து பெட்டிகளைக் கடையில் கேட்டு வாங்கி அலுமாரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோதுமை மாப் பசை மலிவானது, கையில் பட்டாலும் தீங்கில்லை. ஆனால் கொழும்பு வெக்கையில் இரண்டு மூன்று நாட்களில் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் காய்ச்ச வேண்டும். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதைக் கண்ட சிலர் அதையே வகுப்பிலும் செய்யச் சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூடாது.

முதலாவது வேலை: நூல் வரைபடம்

இது வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும் ஒற்றை வரைபடம்; ஒவ்வொரு பிள்ளையும் தான் தெரிந்த பெரியவரின் பயணத்தை அதன் மேல் ஒரு நூலால் காட்டும். இலங்கையின் நீளம் ஏறத்தாழ 432 கி.மீ., மிகக் கூடிய அகலம் 224 கி.மீ.; 1 செ.மீ. 5 கி.மீ.ஐக் குறிக்குமாறு வரைந்தால் தீவு 86 செ.மீ. உயரமும் 45 செ.மீ. அகலமும் கொண்டதாக வரும். ஆனால் தீவை மட்டும் வரைந்து நிறுத்திவிட வேண்டாம். மலையகப் பின்னணி கொண்ட பல குடும்பங்களின் பாதை திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பக்கங்களில் தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளின் நூல் வெற்றுக் கடலில் தொடங்குவது முறையாகாது. சேலம் வரை தென்னிந்தியக் கரையையும் சேர்த்தால், அதே அளவுத்திட்டத்தில் படம் ஏறத்தாழ 130 செ.மீ. உயரமும் 110 செ.மீ. அகலமும் கொண்டதாகும். பிரிஸ்டல் போட்களைப் பின்புறம் துணி நாடாவால் ஒட்டி இந்த அளவைப் பெறலாம். உறுதிக்காகப் பழைய அட்டைப் பெட்டிகளைப் பிரித்து அடியில் ஒட்ட வேண்டும். ரெஜிபோம் பலகையில் குண்டூசி குத்துவது எளிதென்றாலும், காலி வீதிக்குக் கீழே கடற்கரைப் பக்கம் இருக்கும் பாடசாலைகளில் உப்புக் காற்றினால் அந்த ஊசிகள் ஒரு தவணைக்குள் துருவேறிப் படத்தைக் கறையாக்கிவிடும்.

வரைபடத்தைப் பெருப்பிப்பதற்குச் சதுரக் கோட்டு முறையே போதும். தேசப்படத்தில் 1 செ.மீ. 50 கி.மீ.ஐக் காட்டும் பக்கத்தைத் தெரிந்து, அதன் போட்டோ கொப்பியில் 1 செ.மீ. சதுரங்களையும், பெரிய போட்டில் 10 செ.மீ. சதுரங்களையும் மெல்லிய பென்சிலால் வரையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில சதுரங்களைக் கொடுத்து, சிறிய சதுரத்தில் உள்ள கரைக்கோட்டைப் பெரிய சதுரத்தில் வரையச் செய்யுங்கள். கோடுகள் சதுர எல்லைகளில் சரியாகச் சந்திக்காதபோது எழும் வாக்குவாதம் இந்த வேலையின் மிகப் பயனுள்ள பகுதி, அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். இந்த அளவுத்திட்டத்தில் கொழும்பு நகரம் இரண்டரை செ.மீ. உயரம்கூட எட்டாது, முப்பது நூல்களும் அந்தப் புள்ளியில் வந்து முடிச்சாகிவிடும். அதற்கான தீர்வு, கொழும்பில் ஒரே ஒரு துளை இட்டு, எல்லா நூல்களையும் அதன் வழியாகப் பின்புறம் எடுத்து, மேற்கே கடற்பகுதியில் ஒட்டப்பட்ட தனிக் கொழும்புப் படத்தில் மறுபடியும் வெளியே எடுப்பதாகும். அந்தச் சிறுபடத்தை 1 செ.மீ. 300 மீற்றரைக் குறிக்குமாறு வரைந்தால் மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தை வரை 40 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். கன்னியாகுமரிக்குக் கீழே அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. கொழும்பு 1 முதல் 15 வரையான தபால் வலயங்களை அதில் குறியுங்கள். தலைமுறைகளாக நகரை விட்டு நீங்காத குடும்பங்களின் பாதை இந்தச் சிறுபடத்துக்குள்ளேயே அமையும்: செட்டியார் தெருவிலிருந்து முகத்துவாரத்துக்கு, கொம்பனித்தெருவிலிருந்து தெமட்டகொடைக்கு, முடுக்கு வீட்டிலிருந்து தொடர்மாடிக்கு. இவற்றையும் பயணங்களாகவே கொள்ள வேண்டும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், டோகா என்று போனவர்களின் நூல்களைப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுசென்று, அங்கே தொங்கும் சுட்டியில் முடிந்துவிடலாம்.

நூலின் நிறத்தைத் தாய்வழி, தந்தைவழி என்று பிரிக்காதீர்கள். அது குடும்ப மரத்தின் குறையை மறுபடி உள்ளே கொண்டுவரும். ஏறிவந்த வாகனத்தைக் கொண்டு பிரியுங்கள்: நடைக்கு மண்ணிறம், மாட்டுவண்டிக்கு மஞ்சள், புகையிரதத்துக்குச் சிவப்பு, கப்பலுக்கும் படகுக்கும் நீலம், பஸ்ஸுக்கும் லொறிக்கும் பச்சை, விமானத்துக்கு வெள்ளை. ஒரே பயணத்தில் மூன்று நிறங்கள் வருவது சாதாரணம். அவ்வாறு வரும்போது நிறம் மாறும் இடத்தில் நூலை முடிந்து, அந்த ஊரின் பெயரை எழுத வேண்டும். மதவாச்சி, தலைமன்னார், பொல்காவலை போன்ற பெயர்களைப் பிள்ளைகள் தேசப்படத்தில் தாங்களாகவே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

நூல்கள் ஓரிடத்தில் திரளும்போது

வரைபடம் நிரம்பத் தொடங்கியதும், ஒரே திசையில் ஒரே காலத்துப் பயணங்கள் திரள்வதைப் பிள்ளைகள் கவனிப்பார்கள். கேள்விகள் உங்களிடம் வரும். ஆகவே சில ஆண்டுகளை ஆசிரியர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறைகள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கு ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், மீண்டும் ரயிலுமாகக் கொழும்பு வரை பயணிக்க முடிந்தது. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு வழிவகுத்தது. சில பிள்ளைகளின் வரைபடத்தில் நூல் எதிர்த்திசையில் ஓடுவதற்கும், தாத்தாவின் தம்பி கூடலூரில் இருப்பதற்கும் காரணம் இதுதான். யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. வடக்குக்கான பாதை 1990இல் அறுந்து, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டது. 1983 யூலைக்குப் பின் கொழும்பிலிருந்து பலர் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் வந்தார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோளுக்குப் பின் கிழக்கிலிருந்து உறவினர் வீடுகளுக்கு வந்து தங்கிவிட்டவர்களும் உண்டு.

இவற்றைப் பாடமாக நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை கேட்டால் சுருக்கமாக, பக்கம் சாயாமல், வயதுக்கேற்ற அளவில் பதில் சொல்லத் தயாராக இருந்தால் போதும். பிள்ளை சொல்லாமல் விட்டதை வெளியே இழுக்காதீர்கள். “ஏன் வந்தார்கள்?” என்பதை விட “என்ன கொண்டுவந்தார்கள்?” என்பது வகுப்பறைக்கு ஏற்ற கேள்வி. ஒரு பிள்ளை நடுவில் அழத் தொடங்கினால் அந்த வேலையை மற்றவர்களின் கண்ணிலிருந்து மெதுவாக அகற்றி, நிறந்தீட்டும் வேறொரு பகுதியைக் கையில் கொடுங்கள். மாலையில் வீட்டாருடன் பேசுங்கள். மேலும் படிக்க விரும்பும் ஆசிரியர்களுக்கு வெள்ளவத்தை உருத்திரா மாவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும், 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற இணையவழி எண்ணிமச் சேகரமும் அருகிலேயே இருக்கின்றன. ஊர் வரலாறுகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் ஆகியவற்றை இரண்டாவதில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது வேலை: சப்பாத்துப் பெட்டி வீடு

பெரியவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் ஓர் அறையை அல்லது முற்றத்தைப் பெட்டிக்குள் அமைப்பதே இந்த வேலை. 1 அடி ஒன்றரை செ.மீ. என்ற அளவைக் கொண்டால் கணக்கு எளிதாகும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா 15 செ.மீ.க்கு 18 செ.மீ. என அமைந்து, சாதாரணப் பெட்டியின் பாதிக்குச் சற்று மேலான இடத்தைப் பிடிக்கும். மிச்ச இடம் இஸ்தோப்பு. நாலடி உயரமான பிள்ளையின் காகித உருவம் 6 செ.மீ. இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் எத்தனை பேர் அந்த அறையில் படுத்தார்கள் என்று அறிந்துவந்த பிள்ளை, அத்தனை உருவங்களை வெட்டி உள்ளே வைத்துப் பார்க்கும்போது, நாம் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் ஒரு வழி உண்டு. அலைமடிப்பு உள்ள அட்டைப் பெட்டியின் மேற்தாளை ஈரப் பஞ்சினால் நனைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து உரித்தால் உள்ளேயுள்ள மடிப்புகள் வெளிப்படும். சாம்பல் பூசினால் தகரம், செம்மண் நிறம் பூசினால் ஓடு. கிடுகு வேலிக்கு மண்ணிறத் தாளை அரை செ.மீ. கீற்றுகளாக வெட்டிப் பாய் இழைப்பதைப் போல் ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்ன வேண்டும். நாற்சார் வீடு செய்பவர்கள் பெட்டியின் மூடியை நீக்கி, நடுவில் முற்றத்தை வெறுமையாக விட்டு, நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரியும் கூரை அமைக்க வேண்டும். இதற்குத் தரம் 5க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரியவரின் உதவி தேவைப்படும்.

ஒரு சொற்குழப்பத்தையும் குறிப்பிட வேண்டும். கொழும்பில் தோட்டம் என்றால் நெருக்கமான வீடுகள் கொண்ட குடியிருப்பு. நுவரெலியாவில் தோட்டம் என்றால் தேயிலை. “தாத்தா தோட்டத்தில் இருந்தார்” என்று கிராண்ட்பாஸ் பிள்ளை எழுதினால் எந்தத் தோட்டம் என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மூன்றாவது வேலை: துணிச் சதுரங்கள்

ஒவ்வொரு பிள்ளையும் 22 செ.மீ. சதுரத் துணியில், பெரியவர் பாவித்த ஒரு பொருளைத் துணித் துண்டுகளால் உருவாக்கி ஒட்டித் தைக்கிறது. ஓரங்களில் 1 செ.மீ. தையலுக்குப் போனால் 20 செ.மீ. எஞ்சும், வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை இணைத்தால் முப்பது பிள்ளைகளின் வேலையும் 120 செ.மீ.க்கு 100 செ.மீ. விரிப்பாகிவிடும். அடித்துணிக்குக் கறைபட்ட பழைய வெள்ளைச் சீருடைகளே மிகச் சிறந்தவை. தரம் 4 முதல் முனை மழுங்கிய ஊசியால் ஓட்டுத் தையல் போடலாம்; அதற்குக் கீழே பசை போதும். சதுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைத் தையல் இயந்திரம் உள்ள பெற்றோர் ஒருவர் ஒரு மாலையில் முடித்துக் கொடுப்பார். கேட்பதற்குத் தயங்காதீர்கள், கேட்கப்படுவதையே பலர் விரும்புகிறார்கள்.

பழைய சேலையையோ சாரத்தையோ வெட்டித் தருவதாக வீட்டார் சொன்னால் அன்போடு மறுத்துவிடுங்கள். கூறைச் சேலையை வெட்டிவிட்டுப் பின் வருந்திய தாய் ஒருவரை நான் அறிவேன். கரைப் பூவேலையை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, வேறு துணியில் வெட்டிக்கொள்வதே தக்கது. என் வகுப்புகளில் வந்த பொருட்களில் அரிக்கன் லாம்பு, கொழுந்துக் கூடை, மூக்குப்பேணி, துருவலை, தொப்பி, தராசுத் தட்டு, நூற்சக்கரம் ஆகியவை துணியில் நன்றாக அமைந்தன. வானொலிப் பெட்டி அவ்வளவு இலகுவல்ல. கோடுகள் நேராக வராது.

நேரம் குறைவாயின் நான்காவதாக ஒரு சிறு வேலை உண்டு. டெமி தாளை நீளமாக வெட்டி விசிறிபோல் எட்டாக மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு படமும் ஒரு வாக்கியமுமாக வீட்டுச் சமையல் ஒன்றைப் பதிவு செய்யலாம். ஒடியற் கூழ், வட்டிலப்பம், தொதல், ரொட்டியும் கட்டச் சம்பலும் எதுவாயினும் சரி. அளவுகளைக் கிராமாக மாற்றச் சொல்லாதீர்கள். சுண்டு, பிடி, “கை பார்த்து” என்று பாட்டி சொன்னபடியே எழுதட்டும்.

காட்சிக்கு வைத்தலும் திருப்பிக் கொடுத்தலும்

நடைக்கூடமே போதும், மண்டபம் தேவையில்லை. பெரியவர்களை வேலைநாளொன்றில் முற்பகலில் அழையுங்கள், ஏனெனில் மாலைப் போக்குவரத்தில் அவர்களால் வர இயலாது. மாணவர் வாங்குகளில் அவர்களை அமர்த்தாமல் முதுகு சாயும் கதிரைகளை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு வேலையின் அருகிலும் பிள்ளை நின்று மூன்று வாக்கியங்கள் சொன்னால் போதும். சுட்டிகளில் முழுப்பெயர் வேண்டாம். “நிலானியின் அம்மம்மா” என்ற அளவே உகந்தது. படம் எடுத்துச் சமூக வலைத்தளங்களில் போடுவதற்கு முன் அந்தந்த வீட்டின் அனுமதி பெறப்பட வேண்டும். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பெற்றோரிடமே விட்டுவிடுங்கள். கடைசி நேரத்தில் வரைபடத்தில் ஒரு பாட்டி தன் ஊர் தவறான இடத்தில் இருப்பதாகச் சொல்லக்கூடும். ஊசியையும் நூலையும் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள்.

எச்சரிக்கையையும் மீறி வீட்டிலிருந்து அசல் பொருட்கள் வந்தே தீரும். அவற்றுக்கென ஒரு கொப்பியில் பொருள், பிள்ளை, வந்த திகதி, திருப்பிய திகதி, பெறுபவர் கையொப்பம் என்று ஐந்து நிரல்கள் போட்டு, பொருளைப் பிள்ளையிடமன்றிப் பெரியவரிடமே ஒப்படையுங்கள். பெட்டி வீடுகளும் மடிப்புப் புத்தகங்களும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போகட்டும். துணி விரிப்பும் வரைபடமும் வகுப்பிலேயே தங்கும். வரைபடத்தில் நூலைக் கழற்றாமல் சுட்டிகளை மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு வகுப்பின் நூல்களுக்கு அதே துளைகளைப் பயன்படுத்தலாம். விடுமுறையில் அதைச் சுருட்டாமல் தட்டையாகப் பொலித்தீனில் சுற்றி, உள்ளே இரண்டு துண்டு வசம்பு போட்டு, சுவரைத் தொடாதபடி அலுமாரியின் மேல் வையுங்கள். ஒக்டோபர் மழையில் கொழும்புச் சுவர்கள் வியர்க்கும்.